அடியில் படிந்த சீனி

போடிநாயக்கனூர்,
மார்கழி பிறந்து நாலாம் நாள்.

அன்பு மகன் ஈஸ்வருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். கடிதம் என்றால் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை அப்பு, நிஜமாகவே சுகம், அதை நீ நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீயும் பவித்ராவும் பாப்பாவும் அந்தக் கத்தாரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க நம் பரமசிவன் துணை நிற்கட்டும். பிச்சைமணி மாமா மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நீ போனில் பேசிய பேச்சு இன்னும் என் காதிலேயே நிற்கிறது. அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு, கழுத்தெலும்பு தெரியுது, சட்டை கொடியில காயப்போட்ட மாதிரி தொங்குது, என்கிட்ட எதையோ மறைக்கிறீங்க, நாளைக்கே லீவு போட்டுட்டுக் கிளம்பி வர்றேன் என்றாய். ஒன்றுமில்லையப்பா என்று நான் சொல்லச் சொல்ல உன் குரல் உடைந்துகொண்டே போனது. போனில் விளக்கலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நான் சொல்வதில் பாதியைத் திருத்துவார், மீதியை அவரே பேசி முடித்துவிடுவார். அதனால் அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, சோலியெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். விஜயபாண்டி மாமாவின் மருமகன் அடுத்த வாரம் தோஹாவுக்குத் திரும்புகிறார், ஏலக்காய்ப் பொட்டலத்தோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஊர்ப்பேச்சைச் சொல்லிவிடுகிறேன், நீயும் கொஞ்சம் சிரிக்க வேண்டாமா. நம் ஊரில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, முதலாளி நல்லாருக்காரு என்று வணக்கம் வைப்பார்கள். பெல்ட்டில் ரெண்டு ஓட்டை உள்ளே போனால் போதும், தெருவே துக்கம் விசாரிக்க வந்துவிடும். அப்பா காலையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது பால்கடை வாசலில் நாலு பேர் நிறுத்தி, என்னண்ணே இப்படி உருகிப் போயிட்டீக, எங்க காட்டுறீக, டாக்டர மாத்திப் பாருங்க என்று உச்சுக்கொட்டுகிறார்கள். தேவாரத்து அத்தை ஆப்பிளும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியே வந்துவிட்டாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரே விசும்பல். பிறகு என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், ஒளிக்காமச் சொல்லுங்க மதினி, எத்தனை நாளுன்னு சொல்லியிருக்காக என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். நாளு ஒண்ணும் சொல்லல ஆத்தா, கிலோதான் சொல்லியிருக்காக, பத்துக் கிலோ என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, அழுதுகொண்டேதான் பஸ் ஏறினாள். பிரெட்டை நான்தான் தின்று தீர்த்தேன். நீயும் அந்தப் போட்டோவைப் பார்த்து அவளைப் போலவேதான் அழுதிருக்கிறாய், அத்தை ரத்தம் உனக்கும் ஓடுகிறதல்லவா.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன சித்திரையில் நீங்கள் வந்துவிட்டுக் கிளம்பிய கொஞ்ச நாளில் நானும் அப்பாவும் பரமசிவன் மலைக்குப் போனோம். படியில் பாதிகூட ஏறியிருக்க மாட்டார், அப்படியே ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வெயிலு என்றார். வெயில் எங்கே இருந்தது, அப்போதுதான் விடிந்திருந்தது. சட்டை முழுக்க நனைந்து, இடது தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கீழே ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். தேனிக்குப் போனது, அங்கிருந்து மதுரைக்குப் போனது, ஆஞ்சியோ எடுத்தது, ஒரு குழாயில் பாதி அடைப்பு என்றது, ஸ்டென்ட் வைக்கிற அளவுக்கு இல்லை, மாத்திரையும் எடையைக் குறைப்பதும் இப்போதைக்குப் போதும் என்று அனுப்பியது, இதெல்லாம் உனக்கு அன்றைக்கே தெரியும். தேனி டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னதுதான் தெரியாது. சுகர் இருக்கவங்களுக்கு நெஞ்சு நோவு பல நேரம் சத்தமே போடாம வரும், இந்தத் தடவை சத்தம் போட்டது உங்க நல்ல நேரம், அடுத்த தடவை இவ்வளவு மரியாதையா வரும்னு நினைக்காதீங்க என்றார். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்காவது இறங்க வேண்டுமாம். உடனே உன் அப்பா வியாபாரி புத்தியைக் காட்டிவிட்டார். கொறைச்சுட்டா நெஞ்சுக்கு இனிமே ஒண்ணும் வராதுன்னு எழுதிக் குடுப்பீகளா என்று கேட்டாரே பார்க்கலாம். எனக்கு மானம் போனது. அந்தம்மா கோபப்படவில்லை. அப்படி யாரும் எழுதித் தர முடியாதுங்க, மாத்திரையையும் விடக் கூடாது, ஆனா பிரஷர் இறங்கும், சுகர் சொன்னபடி கேக்கும், இருதயம் இழுக்குற சுமை குறையும் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு அப்பா என்னிடம், சரிதான் கற்பகம், மெட்டு மலை ரோட்ல நாலு மூட்டை கூட ஏத்துனாலும் ஜீப்பு ஏறத்தான் செய்யும், ஆனா இன்ஜின் என்ன பாடுபடும்னு டிரைவருக்குத்தான் தெரியும் என்றார். அன்றைக்கு அந்த லோடை இறக்குவது என்று முடிவு பண்ணினார்.

பண்ணினாரே தவிர, அவரைவிட நான்தான் முதலில் தப்புப் பண்ணினேன். சோறுதானே கூடாது, கேப்பைக்களி சுகருக்கு நல்லதென்று எல்லோரும் சொல்கிறார்களே என்று தினம் ராத்திரி தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை கிண்டிப் போட்டேன். அவரும் இதுக்குத்தானா இவ்வளவு பயந்தோம் என்று குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். அடுத்த தடவை போனபோது சுகர் இம்மிகூட இறங்கவில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டு, களியும் மாவுதானம்மா, எது தின்னாலும் அளவுதான் என்றார். அன்றைக்கு வந்து நம் வீட்டுக் கரண்டியையே சின்னதாக மாற்றினேன். சோறு ஒரு கரண்டி, கீரையும் அவரைக்காயும் சுண்டலும் தட்டு நிறைய, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் குழம்பு கொஞ்சம் கறி ரெண்டு துண்டு, சாயங்காலப் பரோட்டாவும் பஜ்ஜியும் அறவே கிடையாது. முதல் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டினி போட்டுக் கொல்றா என்று பூனையிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. ஆனால் விடியுமுன்னே எழுந்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பித்தார். முதலில் தெருமுனை, பிறகு தண்டவாளம், பிறகு ஸ்டேஷனைத் தாண்டி வெகுதூரம். வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார். எடை பார்க்க மெஷின் வாங்கலாம் என்றேன், எதுக்கு என்று கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றார். கிட்டத்தட்ட ரெண்டு மூட்டை ஏலக்காய், அவர் ஒருத்தர். ஆடியில் கால் மூட்டை குறைவு என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மோதிரம் கழன்று கழன்று விழுந்ததால் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி பழைய ஞாபகமாகவே இருந்தது அப்பு. என்னைக் கட்டிக்கொண்டபோது அவர் அப்படித்தான் இருந்தார். மெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. கல்யாணமாகி ரெண்டு வருஷம் அங்கேதான் தகர வீட்டில் குடியிருந்தோம், மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சனிக்கிழமை ஆனால் சாமான் வாங்க மலைப்பாதையிலேயே அடிவாரத்து முந்தலுக்கு இறங்கிப் போய், அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஏறி வந்துவிடுவார். வந்ததும் உட்காராமல் நின்றபடியே டீ கேட்பார், சீனி அரைக் கரண்டி போதும் என்பார். வேட்டி இடுப்பில் நிற்காது, நான் கேலி செய்வேன். அவர் மேலெல்லாம் ஸ்டோர்ப் புகையும் ஏலக்காயும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இப்போது எத்தனை மூட்டை கடையில் கிடந்தாலும் அந்த வாசனை வருவதில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் நடந்துவிட்டு வந்து முற்றத்தில் நின்றபடியே தண்ணீர் கேட்டார், வேட்டி இடுப்பில் நழுவியது, எனக்குச் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஆளையா நான் இத்தனை வருஷமாகத் தொலைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் டீ வந்து குறுக்கே விழுந்தது. நம் கடையில் விலை பேசுகிற முறை உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு அப்பா ஏலக்காய்க் கடை திறந்ததும் முதல் காய் கொண்டுவந்தது மெட்டுக்கார மொக்கச்சாமி மாமாதான். ரெண்டு பேரும் ஸ்டோரில் ஒன்றாக வேலை பார்த்த சிநேகிதர்கள், அதனால் விலையை வாய்விட்டுப் பேச ரெண்டு பேருக்கும் வெட்கம். அப்பா ஒரு விலையைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார், மாமா கூரையைப் பார்த்தார். அதற்குள் டீ வந்தது. ரெண்டு பேரும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்கள். வெல படிஞ்சிருச்சு மாப்ளே என்று மாமா எழுந்து போய்விட்டார். அன்றையிலிருந்து நம் கடையில் அதுதான் சட்டம். டீயை முழுக்கக் குடித்தால் விலை படிந்தது, கிளாஸில் மிச்சம் வைத்தால் படியவில்லை, யாரும் யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆள் வரவர டீ, ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கே கிடையாது. எதிர் டீக்கடை அழகுமலைக்கு அப்பாவின் டீ மனப்பாடம், சீனி தூக்கலா, ஆத்தாம. சீனியும் அள்ளிப் போட வேண்டும், ஆற்றிக் கலக்கவும் கூடாது, இது என்ன கோட்டி என்று நானே கேட்டிருக்கிறேன், அது அப்படித்தான் என்பார். நீ ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு ஓடி, பையை இறக்குமுன் அவர் குடித்து வைத்த கிளாஸை எடுத்து விரலை விட்டு அடியில் படிந்த சீனியை வழித்து நக்குவாய். எச்சில் கிளாஸை நக்குறான், நீங்களும் பார்த்துக்கிட்டே இருக்கீகளே என்று நான் கத்துவேன். அப்பா பேப்பர் படிப்பதுபோல் இருப்பார். ஏழு வயது வரைக்கும் உன் வலது கை விரலில் ஈ மொய்த்தது.

ஆவணியில் மொக்கச்சாமி மாமா முதல் காய் கொண்டுவந்தார். வருஷா வருஷம் முதல் காயை நம் கடைக்குத்தான் இறக்குவார். அப்பா தட்டில் கொட்டி, அள்ளிப் பார்த்து, ஒன்றைக் கடித்து, மனசுக்குப் பிடித்துத்தான் விலை சொல்லியிருக்கிறார். டீ வந்தது. ஒரு வாய் குடித்ததும் டாக்டரம்மா முகம் ஞாபகம் வந்ததோ என்னவோ, கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். தனக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார், அந்தக் கிளாஸுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. மாமா பார்த்தார். தன் கிளாஸையும் அப்படியே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டில் இருந்த காயை மூட்டையில் போட்டுக் கட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடத்தான் போகிறான், திரும்பி வருவான் என்று இந்த மனிதர் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருக் கடையில் காயை இறக்கிவிட்டு அவர் மலை ஏறிவிட்டார் என்று கடை பூட்டும்போதுதான் தெரிந்தது. அப்பா பேரைச் சொல்லி, சுருளிவேல் என் காய வேண்டாம்னுட்டான், இத்தன வருசப் பழக்கத்துல ஒரு வாய்க்கு மேல எறங்கல அவனுக்கு என்று அங்கே சொல்லி வருத்தப்பட்டாராம். வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை. போன் பண்ணுங்க, வெவரம் சொல்லுங்க என்றேன். அவன் கேட்டிருக்கலாம்ல, கேக்காமப் போனவனுக்கு நான் என்னத்தச் சொல்றது என்று வீம்பு பிடித்தார். மாமாவும் போன் பண்ணவில்லை. ரெண்டு கிழடும் ஒரே மாதிரி.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. நடப்பதை விட்டார். முழங்கால் வலிக்குது, பனியா இருக்குது, தினம் ஒரு சாக்கு. வீட்டில் நான் போட்டதைத் தின்றார், ஆனாலும் இடுப்பில் வேட்டி மறுபடியும் இறுகியது, மோதிரத்து நூலை அவிழ்த்துவிட்டார். ஐப்பசியில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குறைத்த எடையில் பாதி திரும்ப ஏறியிருந்தது. அந்த வாரந்தான் பிச்சைமணி மாமா வீட்டுக் கல்யாணம், நீ பார்த்த போட்டோ, அதில் உனக்கு இளைப்பு தெரிந்தது, எனக்கு அவர் மூச்சு வாங்கியதுதான் தெரிந்தது. கல்யாண வீட்டிலிருந்து நேரே அழகுமலையிடம் போய் நின்றேன். ஒளிக்காமச் சொல்லு, அவரு என்ன குடிக்கிறாரு என்றேன். பாவம் அவன், தலையைச் சொறிந்தான். பழையபடி சீனி தூக்கலாத்தான் மதினி, வர்ற ஆளுக ஒவ்வொருத்தர் கூடவும் முழு கிளாஸ் குடிக்கிறாரு, இன்னொருத்தரு மொக்கச்சாமி மாதிரி எந்திரிச்சுப் போயிறக் கூடாதாம் என்றான். அன்றைக்கு ராத்திரி வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். யாருக்காகக் குடிக்கிறீக, வர்றவன் போறவன் எல்லாம் உங்க நெஞ்சுக்குப் பொறுப்பா, நாளைக்கு நான் ஒத்தையா இந்த வீட்ல யாரு கூடச் சண்டை போடுறது என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே அழுதேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். காலையில மெட்டுக்குப் போவோமா என்றார்.

பஸ்சில் ஏறி மெட்டில் இறங்கினோம். மாமா தோட்டத்துக்கு அங்கிருந்து மேலே நடக்க வேண்டும், ஜீப் பிடிக்கலாம் என்றேன், வேண்டாம் என்றார். எனக்கு உள்ளுக்குள் பரமசிவன் மலைப் படியே வந்து நின்றது, கையில் மாத்திரையைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தேன். மெதுவாக, நின்று நின்றுதான் ஏறினார். ஆனால் ஏறினார். மழை பெய்து விட்டிருந்தது, ஏலச்செடிக்குள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் நின்று, நம்ம தகர வீடு அந்தா அந்தப் பலா மரத்துக்குக் கீழதான இருந்துச்சு என்று காட்டினார். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, காடாகக் கிடக்கிறது. பாத்தியா, இதுல அரிசிய வேற தூக்கிக்கிட்டு ஏறியிருக்கேன் என்றார். பின்ன, நான் தூக்குனேனா என்றேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆவணிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மொக்கச்சாமி மாமா வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். எங்களைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் ரெண்டு தோளையும் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னடா மாப்ளே பாதியாயிட்ட, நீ தேறமாட்டன்னு பஜார்ல பேசிக்கிட்டாங்க, நான் நம்பலடா, வந்து பாக்கவும் மூஞ்சி இல்லடா என்று குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். அதற்குள் மாமாவின் சம்சாரம் உள்ளேயிருந்து, அண்ணே சாயா குடிங்க, மலை ஏறி வந்திருக்கீக என்று ரெண்டு கிளாஸ் கொண்டுவந்து நீட்டியது. மலைக்கார வீட்டு டீ அப்பு, பாலும் சீனியுமாகக் கெட்டியாக நிற்கிறது. குடித்தால் ராத்திரி போட்ட சண்டை வீண், வேண்டாம் என்றால் பழைய கதை. அப்பா கிளாஸைக் கையில் வாங்கினார். வாயில் வைக்கவில்லை. மாப்ளே, அன்னைக்கு நான் தள்ளி வச்சது உன் காய இல்லடா, இந்தச் சீனிய என்றார். பிறகு பரமசிவன் மலையில் உட்கார்ந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். வெயிலு என்று என்னிடம் பொய் சொன்னதையும் சொன்னார். எனக்குப் பயம்டா என்று சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

மாமா, அப்பா கையிலிருந்த கிளாஸையும் தன் கிளாஸையும் வாங்கி, இந்தா புள்ள, இதை நீயே வச்சுக்க, ரெண்டு ஏலக்காயத் தட்டிப் போட்டு வெந்நி கொண்டா என்று சம்சாரத்திடம் கொடுத்தார். வெந்நீர் வந்தது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்கள். மாமா கிளாஸைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். படிஞ்சிருச்சு மாப்ளே என்றார். என்ன விலை என்று ரெண்டு பேரும் பேசவே இல்லை. இரண்டாம் பறிப்புக் காய் முழுவதும் மறு வாரமே நம் கடையில் வந்து இறங்கியது. இப்போது கடையில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். வருகிறவர்கள் டீ குடிக்கலாம், அப்பாவுக்கு வெந்நீர், அழகுமலை கொண்டுவந்து வைக்கும்போதே வெந்நி வெலை எப்படிண்ணே என்று கேலி செய்கிறான். மறுபடி நடக்கிறார், நூலும் மோதிரத்துக்கு வந்துவிட்டது, மாத்திரையை ஒரு வேளை விடுவதில்லை. போன வாரம் டாக்டரம்மா, பிரஷர் நல்லா இருக்கு, சுகரும் கட்டுக்குள்ள வந்திருச்சு, கேட்ட பத்தில் ஒரு பங்கும் மறுபடி இறங்கிருச்சு, இப்படியே காப்பாத்துங்க என்றார். இறக்கியதைவிடக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்றும் சொன்னார், அதையும் உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மெட்டிலிருந்து பஸ்சில் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் அவர் என் பக்கம் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அரைக் கரண்டி சீனி போதும்னு சொன்ன மனுசன், உங்களுக்கு எப்பதான் இந்தத் தூக்கலு பிடிச்சது என்று சும்மாதான் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எங்க பிடிச்சது, அது ஈஸ்வருக்கு என்றார். பய பள்ளிக்கூடம் விட்டு ஓடியாந்து கிளாஸத் தூக்கிப் பாப்பான், அடியில ஒண்ணும் இல்லைன்னா மூஞ்சி சுருங்கிப் போகும், அதான் அள்ளிப் போட்டு ஆத்தாமக் கொண்டான்னு சொல்லிவச்சேன், அவனுக்குப் படியணும்ல என்றார். அவந்தான் வளந்துட்டானே, காலேஜ் போயிட்டான், கத்தார் போயிட்டான், பெறகும் எதுக்கு என்றேன். கீழ ஊத்த மனசு வரல கற்பகம், அவன் பங்கையும் நானே குடிச்சேன் என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தார். நான் முந்தல் வரும் வரை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு உன்னால்தான் அப்பாவுக்குச் சுகர் வந்தது என்று உட்கார்ந்து அழாதே. அவருடைய அம்மாவுக்கும் இருந்தது, பரோட்டாவும் உட்கார்ந்தே பார்க்கிற தொழிலும் சேர்ந்துகொண்டன, டாக்டரம்மாவே சொன்னார். நான் எழுதுவது வேறு காரணத்துக்கு. கம்பெனியில் எடுத்த டெஸ்டில் உனக்கும் சுகர் எல்லையில் நிற்கிறதாமே, பவித்ரா சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. காரை விட்டு இறங்காமலே ஹாரன் அடித்து, பாலும் சீனியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிய அந்த ஊர்க் கரக் டீ வாங்கிக் குடிக்கிறாயாம், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வீடு திரும்பும்போது ஒன்று. அதில் போடுகிற ஏலக்காய் நம் ஊருடையதாகவே இருக்கலாம், அதற்காகச் சீனியும் நம்முடையதாகிவிடாது. உனக்கு இன்னும் முப்பத்தாறுதான் அப்பு, எல்லையில் நிற்கிறவன் திரும்பி நடந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். லிப்டில் ஏறாதே, ராத்திரி பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நடங்கள், சோற்றுக் கரண்டியை மாற்று, மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்து எனக்கு நம்பரை அனுப்பு. அப்பா தாண்டி வந்த படியில் நீ போய் உட்காரக் கூடாது.

பவித்ராவுக்கு என் அன்பு, பாப்பாவுக்குக் கன்னத்தில் ரெண்டு முத்தம், உனக்குத் தலையில் கை வைத்து என் ஆசீர்வாதம், நூறு வயசு நெஞ்சு நிமிர்த்தி நடப்பாய். பொட்டலத்தில் இருக்கிற காய் மொக்கச்சாமி மாமா உனக்கென்று தனியே பொறுக்கிக் கொடுத்தது, வெந்நீரில் தட்டிப் போட்டுக் குடி. அவசரமாக லீவு போட்டு ஓடி வர வேண்டாம், வழக்கம்போல் சித்திரைக்கு வா. வந்ததும் பழைய ஞாபகத்தில் கடைக்குப் போய் அப்பாவின் கிளாஸைத் தூக்கிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது அப்பு. அப்பா இருப்பார்.

உன்னைப் பெற்றவள்,
கற்பகம்.